முழங்கால் தேய்ந்தவர்களுக்கும் மூச்சு வாங்க ஓர் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓட்டப் பயிற்சியின் நன்மைகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் கோவைப் பதிப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அதில் சொல்லப்பட்டவற்றில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. மூட்டு வலியால் ஓட இயலாதவர்கள் நடந்தால் போதும் என்று ஒரே வரியில் கடந்துவிட்ட இடத்தில்தான் சொல்ல வேண்டியது சிறிது இருக்கிறது. பல ஆண்டுகள் ஓடிப் பழகிய உடம்புக்குச் சாதாரண நடை மூச்சு வாங்க வைப்பதில்லை. ஓட்டத்துக்கும் நடைக்கும் நடுவே, மூட்டில் அடி விழாமல் நெஞ்சுக்கு வேலை கொடுக்கும் வழி ஒன்று இருக்கிறது. உடற்பயிற்சிக் கூடங்களில் எலிப்டிகல் என்றும் கிராஸ் டிரெய்னர் என்றும் அழைக்கப்படும் அந்த இயந்திரத்தைப் பற்றியும், நம் பூங்காக்களில் அதன் பெயரால் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் பொருளைப் பற்றியும் எழுத விரும்புகிறேன்.

நான் கணபதிப் பக்கம் 32 ஆண்டுகள் லேத் பட்டறை நடத்தியவன். பம்ப்செட் தண்டு கடைவதுதான் பிழைப்பு. காலையில் நின்றால் இரவு பட்டறையைச் சாத்தும்வரை நின்ற நிலைதான். சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது என்று மருத்துவர் எச்சரித்த பிறகு, 46 வயதில் ரேஸ்கோர்ஸ் சாலையில் ஓடத் தொடங்கினேன். அந்தச் சுற்று ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். முதல் மாதம் கால் சுற்றுக்கே நாக்குத் தள்ளியது. ஓராண்டில் நான்கு சுற்று ஓடினேன். புற்றுநோய் அறக்கட்டளைக்காக 2013 முதல் நடந்துவரும் கோவை மாரத்தானில் 10 கிலோமீட்டர் பிரிவில் மூன்று முறை கலந்துகொண்டேன். 53 வயதில் வலது முழங்கால் வீங்கியது. மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, எலும்புகளுக்கு நடுவே இடைவெளி குறைந்திருப்பதைக் காட்டி, ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஓடினால் முட்டி போய்விடும் என்று டீக்கடைகளில் பேசுவதைக் கேட்டு யாரும் ஓட்டத்தைப் பழிக்க வேண்டாம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஒரு மதிப்பீட்டில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களிடம் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் 3.5 விழுக்காடாகவும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களிடம் 10.2 விழுக்காடாகவும் காணப்பட்டது. போட்டிக்காக மிகக் கடுமையாக ஓடுகிறவர்களிடம்தான் அது 13.3 விழுக்காடாக இருந்தது. என் முழங்காலில் இருபது ஆண்டுகளுக்கு முன் மொபெட்டிலிருந்து விழுந்து ஜவ்வு கிழிந்த பழைய கணக்கு ஒன்று இருந்தது. அதைச் சரி செய்யாமல் ஓடியது என் பிழையே தவிர ஓட்டத்தின் பிழையன்று. ஆனால் யாருடைய பிழையாக இருந்தாலும், ஒருமுறை கெட்ட மூட்டோடு மீதிக் காலத்தைத் தள்ளத்தானே வேண்டும்?

இயன்முறை மருத்துவர் அம்மையார் ஒருவர்தான் எலிப்டிகலைப் பரிந்துரைத்தார். முதலில் பார்த்தபோது சைக்கிளும் அல்லாத, ஓட்டமும் அல்லாத இரண்டும் கெட்டான் என்றுதான் நினைத்தேன். அரை மணி நேரம் அதன் அருகில் உட்கார்ந்து வேறொருவர் மிதிப்பதைப் பார்த்த பிறகு எனக்குள் இருந்த பட்டறைக்காரன் விழித்துக்கொண்டான். மிதிபலகையைத் தாங்கும் நீண்ட கம்பியின் பின்முனை, சைக்கிள் பெடலின் கைபோல் அச்சைச் சுற்றும் கிராங்கோடு சேர்ந்து வட்டமடிக்கிறது. முன்முனை ஓர் உருளையில் ஏறி முன்னும் பின்னும் நேர்கோட்டில் ஓடுகிறது. ஒரு முனை வட்டம், மறுமுனை நேர்கோடு என்றால் நடுவில் இருக்கும் எந்தப் புள்ளியும் நீள்வட்டமாகத்தான் போக வேண்டும். வீட்டுக்கு வந்து ஓர் அட்டையில் பட்டைக் கம்பியையும் ஆணியையும் வைத்து, நடுவில் பென்சிலைக் கட்டிச் சுற்றிப் பார்த்தேன். சரியாக அகலத்தில் பாதி உயரமுள்ள நீள்வட்டம் விழுந்தது. பென்சிலை முன்முனைப் பக்கம் நகர்த்தினால் வட்டம் மேலும் தட்டையாகி நடைபோல ஆகிறது. கிராங்கின் பக்கம் நகர்த்தினால் உருண்டையாகிச் சைக்கிள் மிதிப்பதுபோல ஆகிறது. எலிப்டிகல் என்ற பெயரே இந்த நீள்வட்டத்திலிருந்து வந்ததுதான். அமெரிக்காவின் பிரிகோர் நிறுவனம் 1995இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முப்பது ஆண்டுப் பழக்கம்தான் என்பதால் நம்மூரில் இதைப் பற்றிப் பெரியவர்களுக்குத் தெரியாமல் இருப்பதில் வியப்பில்லை.

இந்த இயந்திரம் மூட்டுக்கு என்ன செய்கிறது என்பதை விற்பனையாளர்கள் மிகைப்படுத்திச் சொல்கிறார்கள்; ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஓடும்போது ஒரு கணம் இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்புகின்றன. இறங்கும் கால் தரையைத் தொடும்போது உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு எதிர்விசை வருகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் நிமிடத்துக்கு 165 காலடி என்ற கணக்கில் அரை மணி நேரம் ஓடினால், ஏறத்தாழ 5,000 முறை அந்த அடி விழுகிறது. எலிப்டிகலில் கால் பலகையை விட்டு எழுவதே இல்லை என்பதால் அந்த அடி அறவே இல்லை. ஆனால் அடி இல்லை என்பதற்காகச் சுமையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. தரை தரும் எதிர்விசை வேறு, மூட்டுக்குள் இறங்கும் சுமை வேறு. தொடைத் தசைகள் எலும்பை இழுக்கும் இழுப்பும் அதில் சேர்ந்துகொள்கிறது. செயற்கை முழங்கால் மூட்டுக்குள்ளேயே அளவுக் கருவியைப் பொருத்திப் பார்த்த ஆய்வுகளில், நடக்கும்போது உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கும், நிலைச் சைக்கிளில் ஏறத்தாழ ஒரு மடங்கும், எலிப்டிகலில் நடைக்கு நெருக்கமான சுமையும், மெதுவோட்டத்தில் இவை எல்லாவற்றையும் விடக் கூடுதலான சுமையும் பதிவாகியிருக்கின்றன. சுருங்கச் சொன்னால், ஓட்டத்தின் மூச்சும் நடையின் சுமையும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. பட்டறைக்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க நான் சொல்வது இதுதான்: ஒரே இரும்பைப் பவர் ஹேமரில் வைத்து அடிப்பதற்கும் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து அழுத்துவதற்கும் உள்ள வேறுபாடு. இரண்டிலும் விசை உண்டு. ஒன்றில் அது பளீரென்று விழுகிறது, மற்றதில் படிப்படியாக ஏறி இறங்குகிறது.

இவ்வளவு தெரிந்தும் நான் ஏமாந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டிலேயே ஒன்று இருக்கட்டும் என்று 18,000 ரூபாய்க்கு ஒரு சிறிய இயந்திரத்தை வாங்கினேன். ஓடுவதைப் போலவே இருக்கும் என்றுதான் கடையில் சொன்னார்கள். ஏறி மிதித்தால் நெல் புடைப்பதுபோல உடம்பு குலுங்கியது. ஸ்கேலை எடுத்து அளந்தபோது கிராங்கின் நீளம் 6 அங்குலம். அப்படியானால் கால் எட்டி வைக்கும் தூரம் அதன் இரு மடங்கு, அதாவது 12 அங்குலம்தான். நடுத்தர உயரமுள்ள ஒருவர் இயல்பாகக் காலை எட்டி வைக்க 18 முதல் 20 அங்குலமாவது வேண்டும். அதற்குக் கிராங்கு 9 அல்லது 10 அங்குலம் இருக்க வேண்டும். அதற்கேற்ப இயந்திரம் நீளமாகவும் எடையாகவும்தான் இருக்கும். மூலையில் அடங்கும் அளவுக்குச் சிறியது வேண்டும், எட்டி வைக்கும் தூரமும் நீளமாக வேண்டும் என்றால் இரண்டும் ஒன்றாக நடக்காது. வாங்குகிறவர்கள் திரையில் எத்தனை எண்கள் ஒளிர்கின்றன என்று பார்ப்பதை விட்டுவிட்டு, கையோடு ஓர் அளவு நாடாவைக் கொண்டுபோய் இதை மட்டும் அளந்து பார்த்தால் போதும். என் இயந்திரம் இப்போது துவைத்த துணி காயப் போட நன்றாகப் பயன்படுகிறது. பிறகு ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து 20 அங்குலம் எட்டி வைக்க முடிந்த இயந்திரத்தில்தான் முறையாகப் பழகினேன்.

பழகும் முறையிலும் சில நுணுக்கங்கள் உண்டு. புதிதாக ஏறுகிறவர்கள், மிதிக்கும் காலுக்கு இயந்திரம் தரும் எதிர்ப்பைக் குறைத்து வைத்துக்கொண்டு விர்ரென்று சுற்றுகிறார்கள். வேகம் ஏறியதும் உள்ளே இருக்கும் ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரம் தன் வீச்சிலேயே சுழன்று காலைத் தூக்கிக்கொண்டு போகிறது; கால் இயந்திரத்தைச் சுற்றவில்லை, இயந்திரம்தான் காலைச் சுற்றுகிறது. வியர்க்கவில்லையே என்று அலுத்துக்கொள்கிறவர்களில் பலர் இப்படி மிதிக்கிறவர்கள்தான். அசையாத பிடியில் உடம்பைச் சாய்த்துக்கொண்டு மிதிப்பது இன்னொரு திருட்டு வேலை. எடையில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்வது இயந்திரத்துக்குத் தெரியாது, அது தன்பாட்டுக்குக் கலோரிக் கணக்கை ஏற்றிக்கொண்டே போகும். பொதுவாகவே அந்தக் கலோரி எண் உள்ளதைவிடக் கூட்டித்தான் காட்டும். அதை நம்பி வீட்டுக்குப் போய் இரண்டு போண்டா கூடுதலாகச் சாப்பிட்டு எடை ஏறியவர்களை எனக்குத் தெரியும். முதுகை நேராக வைத்து, குதிகால் உட்பட முழுப் பாதமும் பலகையில் படியும்படி நின்று, பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு எதிர்ப்பை வைத்துக்கொண்டால் மிதமான உழைப்பு வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பைக் கேட்கிறது. வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் மிதித்தால் கீழ் எல்லையை எட்டிவிடலாம். முதல் வாரத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். பின்னோக்கி மிதிக்கும்போது தொடையின் முன்தசைக்குக் கூடுதல் வேலை. முட்டிச் சில்லில் வலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டறிந்துதான் அதைச் செய்ய வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களும் அப்படியே. ஒரே இடத்தில் பாதம் அழுந்திக்கொண்டே இருப்பதால் நன்றாக இருப்பவர்களுக்கே விரல்கள் மரத்துப்போவதுண்டு.

என் மனைவிக்கும் முழங்கால் வலி. தெருவில் நடக்கச் சொன்னால் நாய்களைக் காரணம் காட்டுவார். அந்தக் காரணத்தில் உண்மை இல்லாமலும் இல்லை. அவரையும் கூடத்துக்கு அழைத்துச் சென்றேன். ஓராண்டில் அவர் எடை 6 கிலோ குறைந்தது. சாப்பாட்டைக் குறைத்ததற்கும் அதில் பாதிப் பங்கு உண்டு. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்றில், ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு காலடியிலும் முழங்காலின் சுமை நான்கு கிலோ குறைவதாகக் கண்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் காலடிக்கு 24 கிலோ சுமை அவருக்கு இறங்கியிருக்கிறது. மாடிப்படியில் பிடிக் கம்பியைத் தொடாமல் இறங்கி வந்த அன்று அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

இதன் குறையையும் என் காலே எனக்குக் கற்றுக்கொடுத்தது. கூடத்தில் 40 நிமிடம் இடைவிடாமல் மிதிக்க முடிந்த தெம்பில், நின்றுபோயிருந்த தைப்பூசப் பழனிப் பாதயாத்திரையை மீண்டும் தொடங்கலாம் என்று பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் புறப்பட்ட கூட்டத்தோடு சேர்ந்துகொண்டேன். மூச்சு சிறிதும் வாங்கவில்லை, முழங்காலும் ஒத்துழைத்தது. ஆனால் கிணத்துக்கடவைத் தாண்டுவதற்குள் இரண்டு கெண்டைக்கால்களும் கல்லாகிவிட்டன, உள்ளங்கால் முழுதும் கொப்புளம். இயந்திரத்தில் பாதம் பலகையிலேயே இருப்பதால், தரையை உந்தி எழும்பும் வேலையும் இறங்கும் எடையைத் தாங்கும் வேலையும் கெண்டைக்காலுக்கும் குதிநரம்புக்கும் மிகக் குறைவு. பழகாத தசை முதல் நாளே வரி கட்டச் சொல்கிறது. பொள்ளாச்சியில் பேருந்து ஏறிவிட்டேன், முருகன் மன்னிப்பான். எலும்பின் உறுதிக்கும் ஓரளவு அதிர்வு தேவைப்படுகிறது. எலிப்டிகலில் நின்றுகொண்டு எடையைத் தாங்குவதால் சைக்கிளைவிட அது மேல் என்றாலும், ஓட்டமும் துரித நடையும் எலும்புக்குத் தரும் தூண்டுதலை அது முழுதாகத் தருவதில்லை. ஆகவே இப்போது வாரத்தில் மூன்று நாள் இயந்திரம், இரண்டு நாள் வாய்க்கால் கரை மண்ணில் நடை, இடையில் சுவரைப் பிடித்துக் குதிகால் தூக்கும் பயிற்சி என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். மீண்டும் ஓட நினைக்கிறவர்கள், இயந்திரத்தில் வந்த தெம்பை நம்பி முதல் நாளே நான்கு சுற்று ஓடிவிட வேண்டாம்.

இனி பூங்காக்களுக்கு வருகிறேன். மாதக் கட்டணம் கட்டிக் கூடத்தில் சேர எல்லோராலும் முடியாது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பத்து மணி நேரம் நின்று வேலை பார்க்கும் பெண்ணுக்கும், சோமனூரில் தறி ஓட்டி முட்டி தேய்ந்த பெரியவருக்கும் திறந்தவெளி உடற்பயிற்சிக் கூடம்தான் கதி. உள்ளாட்சி அமைப்புகள் அவற்றை ஊர்தோறும் அமைத்திருப்பது பாராட்டத்தக்கது. ஆனால் அங்கே எலிப்டிகல் என்ற பெயரில் நிற்பது பெரும்பாலும் எதிர்ப்பே இல்லாத வெறும் ஊஞ்சல். அதில் எவ்வளவு நேரம் ஆடினாலும் நெஞ்சுக்கு வேலை இல்லை. பராமரிப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஊரின் பெயர் வேண்டாம், ஒரு பூங்காவில் நான் கண்டதைச் சொல்கிறேன். அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தார். இயந்திரம் எழுப்பிய கிறீச்சொலி தெருமுனைவரை கேட்டது. அருகில் போய் நின்றேன். "ஏனுங்க, இது கத்துற கத்துல நாயெல்லாம் ஓடிப்போயிருதுங்க, அது ஒரு வசதிதானுங்க" என்று சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் இடது பலகை பக்கவாட்டில் சாய்ந்து அவர் கால் முறுக்கிக்கொண்டது. நல்லவேளை, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. குனிந்து பார்த்தால் பேரிங்கின் மூடி போய், மழைத் தண்ணீர் புகுந்து, குண்டுகள் துருவேறித் தண்டே ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. மூடப்பட்ட பேரிங்கைப் போட்டிருந்தாலோ, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரீஸ் வைத்திருந்தாலோ அந்தத் தண்டுக்கு அந்தக் கதி வந்திருக்காது. மூட்டு வலிக்காரர்களுக்கென்று வைத்த இயந்திரமே மூட்டை முறுக்குவது என்ன நியாயம்?

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. பூங்காவுக்கு உடற்பயிற்சிக் கருவிகள் வாங்கும்போது ஒப்பந்தத்தில் மூன்று நிபந்தனைகளை எழுதட்டும்: எட்டி வைக்கும் தூரம் 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, எதிர்ப்பைக் கூட்டிக் குறைக்கும் வசதி வேண்டும், மூடப்பட்ட பேரிங்கும் ஆண்டுப் பராமரிப்பும் விலையிலேயே அடங்க வேண்டும். எதிர்ப்புக்கு மின்சாரம் வேண்டியதில்லை. சுழலும் உலோகச் சக்கரத்தின் அருகே நிலைக் காந்தத்தை நகர்த்தினால், சக்கரத்துக்குள் சுழல் மின்னோட்டம் தோன்றி அதுவே தடையாக நிற்கிறது. காந்தம் நெருங்க நெருங்கத் தடை கூடும். ஒன்றோடு ஒன்று உரசாததால் தேய்மானமும் இல்லை. வார்ப்படம், மோட்டார், பம்ப் என்று நாடு முழுவதும் அனுப்பும் இந்த ஊருக்கு இது ஒரு வேலையே இல்லை. 1969 முதல் இயங்கும் கோவை மாவட்டச் சிறுதொழில் சங்கமான கொடிசியாவும் நம் பொறியியல் கல்லூரிகளும் சேர்ந்து, வெயிலையும் மழையையும் தாங்கும் ஒரு மாதிரியை வடிவமைத்துக் கொடுத்தால், எங்கிருந்தோ வரும் ஊஞ்சலை வாங்கி நட்டுவைக்க வேண்டிய தேவை இருக்காது. 2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்தப் பாதைகளின் ஓரத்தில் இரண்டிரண்டு இயந்திரங்களை நிழலில் வைத்தால், நடக்க வந்து பாதியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறவர்கள் அன்றைய பயிற்சியை அங்கேயே முடித்துக்கொள்வார்கள்.

இந்தக் கடிதத்தைப் பார்க்கும் உள்ளாட்சிப் பொறியாளர் எவரேனும் மாதிரி ஒன்று செய்து பார்க்க முன்வந்தால், கிராங்குத் தண்டைக் கூலி வாங்காமல் கடைந்து தர நான் அணியமாக இருக்கிறேன். பட்டறையை மகனிடம் கொடுத்துவிட்டேன். பழைய ஆறரை அடி லேத்தை மட்டும் இன்னும் விற்கவில்லை.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரர் ஒருவர்,
கணபதி, கோயம்புத்தூர்.